கார்டு கையில் இருக்கிறது, மாத்திரை ஏன் கிடைக்கவில்லை?

கடலூர் முதுநகர்ப் பக்கம் கட்டட வேலை பார்க்கும் மேஸ்திரி ஒருவர் கேட்டது இது. அவரிடம் பதினெட்டு பேர், பாதிக்கு மேல் பீகாரும் ஒடிசாவும். அதில் நாற்பது தாண்டிய ஒடிசாக்காரர் ஒருவருக்கு சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. ஊரில் எடுத்த ஆயுஷ்மான் கார்டை மெடிக்கலில் காட்டியிருக்கிறார், செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "கார்டுக்கு அஞ்சு லட்சம் மதிப்புன்னு சொல்றாங்க, மாசம் சில நூறு ரூபா மாத்திரைக்கு ஆகாதா? என்ன செய்யலாம்? என் அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், அங்கேயும் இதே கதைதானா?" என்கிறார்.

மெடிக்கல்காரர் உங்கள் ஆளை ஏமாற்றவில்லை. அந்தக் கார்டு மருந்துக்கடையில் எங்குமே செல்லாது, ஒடிசாவிலும் செல்லாது. அந்தக் கார்டுக்குப் பின்னால் இருக்கும், 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் என்ற பிரதமர் திட்டம், ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கிறது என்பது உண்மை. ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுத்தால்தான் அந்தக் கணக்கே தொடங்கும். சேருவதற்கு முந்தைய 3 நாள் செலவும், வீட்டுக்கு அனுப்பிய பிறகு 15 நாள் மருந்தும் அதில் அடக்கம். பதினாறாம் நாள் மாத்திரை அவரவர் சட்டைப்பையிலிருந்து. நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் இதே வார்ப்புதான். 2009-ல் கலைஞர் பெயரில் வந்து, 2012-ல் பெயர் மாறி, 2018-ல் பிரதமர் திட்டத்தோடு சேர்ந்துகொண்டது. இவற்றுக்கு முன்னால் 2008-ல் வந்த ராஷ்ட்ரீய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனாவிலும் புறநோயாளிக்கு மருந்து கிடையாது. அதில் ஒரு நல்ல ஏற்பாடு மட்டும் இருந்தது. வெளியூர் போகும் தொழிலாளி கார்டை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் குடும்பத்திடம் விட்டுவிட்டு இன்னொன்றைத் தன்னோடு கொண்டுபோகலாம்.

ஏன் இப்படி வடிவமைத்தார்கள் என்றால், ஒரு ஏழைக் குடும்பத்தை ஒரே நாளில் கடனில் தள்ளுவது அறுவை சிகிச்சையும் மாரடைப்பும்தான் என்ற கணக்கு. கணக்கு தப்பில்லை, ஆனால் பாதிதான். இந்தியாவில் குடும்பங்கள் வைத்தியத்துக்குக் கையிலிருந்து கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு மருந்துக்குத்தான் போகிறது. சுகர், பிரஷர், ஆஸ்துமா, வலிப்பு, தைராய்டு எல்லாம் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறக்கும் நோய்கள். அந்தச் செலவு எந்த மாதத்திலும் பெரிதாகத் தெரியாது. ஆகவே காப்பீட்டின் கண்ணில் அது விழுவதும் இல்லை. உங்கள் ஆள் பணம் மிச்சம் பிடிக்க மாத்திரையை விட்டுவிட்டு, செருப்பில்லாமல் கான்கிரீட்டில் நடந்து, காலில் புண் வந்து அழுகினால், அந்தக் காலை எடுக்கும் அறுவை சிகிச்சைக்கு இதே கார்டு பணம் கொடுக்கும். கிட்னி போனால் டயாலிசிஸுக்கும் கொடுக்கும்.

படுக்கையில் வைத்து ஏற்றும் மருந்து என்றால் மட்டும் நிலைமை வேறு. புற்றுநோய்க்கான கீமோ மருந்துகள் காலையில் சேர்த்து மாலையில் அனுப்பும் சிகிச்சையாக இந்தத் திட்டத்துக்குள் வருகின்றன. அவை விலை கூடியவை, கார்டு இல்லாமல் ஒரு கூலிக்காரர் தொடவே முடியாதவை. ஆகவே கார்டு வீண் என்று யாரும் தூக்கிப் போட வேண்டாம். ஒடிசா இந்தத் திட்டத்தில் சேர்ந்ததே 2025-ல்தான். அவருடைய கார்டு கடலூரிலும் புதுச்சேரியிலும் திட்டத்தில் சேர்ந்திருக்கும் ஆஸ்பத்திரிகளில் செல்லும். மேற்கு வங்கத்து ஆட்கள் உங்களிடம் இருந்தால் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாநிலம் 2019-ல் பிரதமர் திட்டத்திலிருந்து விலகித் தனியாக ஸ்வாஸ்த்ய சாத்தி என்ற கார்டை நடத்தியது. அந்தக் கார்டை நம்பி ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கக் கூடாது.

இனி மாத்திரைக்கு வருகிறேன். இந்தியாவில் ஒரு கூலித் தொழிலாளிக்கு மாதாமாதம் மாத்திரை கொடுக்கும் காப்பீடு என்று ஒன்று இருக்கிறதென்றால் அது இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடுதான். 1948 சட்டத்தில் பிறந்தது, நம்மில் பலர் அதைப் பழைய மில் தொழிலாளர் சமாச்சாரம் என்று நினைத்து மறந்துவிட்டோம். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் அதில் சேர்க்க வேண்டும். கட்டட வேலையிடத்து ஆட்களையும் 2015 ஆகஸ்ட் முதல் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். இதைச் சொன்னால் இன்னும் பல ஒப்பந்தக்காரர்கள் "அது ஃபேக்டரிக்குத்தானே" என்பார்கள். இல்லை, உங்கள் பதினெட்டு பேரில் சம்பளம் அந்த வரம்புக்குள் இருக்கும் எல்லோருக்கும் பொருந்தும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பெரியாளுக்கு, அதாவது ஆண் கூலியாளுக்கு, நாள் கூலி 700, மாதம் 26 நாள் என்றால் 18,200 ரூபாய். அதில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், அதாவது 137 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 592 ரூபாய். மொத்தம் 729. இதற்கு அவருக்கும் ஊரில் இருக்கும் மனைவி மக்களுக்கும் டாக்டர், மாத்திரை, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்த நாளிலிருந்தே கிடைக்கும். மருந்து ஒரு மாதத்துக்கு, இரண்டு மாதத்துக்கு என்று முடிந்துபோகாது. பதிவு உயிரோடிருக்கும் வரை வரும். மருந்தகத்தில் இருப்பு இல்லை என்றால் வெளியில் வாங்கிய செலவைத் திரும்பக் கேட்க வழி உண்டு. நடைமுறையில் அது அலைச்சல், ஒளிக்கவில்லை. குடும்பம் ஒடிசாவில் இருந்தால் அங்கேயுள்ள ஒரு மருந்தகத்தைக் குடும்பத்துக்கென்று தனியாகக் குறித்துக்கொள்ளலாம். இதைப் பலர் பதியும்போது சொல்வதே இல்லை. ஆள் எங்கே தங்குகிறாரோ அந்த முகவரியையே குடும்ப முகவரியாகவும் போட்டுவிடுகிறார்கள், ஊரில் இருக்கும் பிள்ளைக்குப் பயனில்லாமல் போகிறது.

சிக்கல்களும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்.

முதலாவது கூலி. கொத்தனாருக்கு நாளைக்கு 900 என்றால் 26 நாளுக்கு 23,400. வரம்பைத் தாண்டிவிட்டது, இ.எஸ்.ஐ. கிடையாது. இந்த 21,000 வரம்பு 2017 ஜனவரியில் வைத்தது. கூலி ஏறிக்கொண்டே போக, வரம்பு ஏறாவிட்டால், கைத்தொழில் தெரிந்தவன் வெளியே தள்ளப்படுகிறான், சித்தாள் உள்ளே இருக்கிறாள். ஆனால் ஒரு நுணுக்கம் பாருங்கள். வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைம் கூலியைச் சேர்க்கக் கூடாது. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இரண்டு சந்தாக் காலங்கள் உண்டு. ஒரு காலத்தின் தொடக்கத்தில் வரம்புக்குள் இருந்தவர் நடுவில் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும் வரை உள்ளேதான். சில கணக்குப்பிள்ளைகள் இதைத் தெரிந்தே மறப்பார்கள்.

இரண்டாவது, இதுதான் கசப்பானது. பிடித்தம் செய்துவிட்டுக் கட்டாமல் இருப்பது. புதுச்சேரியில் ஒரு தொழிற்பேட்டையில் வேலை பார்த்த பீகார்ப் பையன் ஒருவன் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினான், மாதாமாதம் இ.எஸ்.ஐ. என்று பிடித்திருக்கிறார்கள். இ.எஸ்.ஐ. எண்ணைப் போட்டுப் பார்த்தால் அவன் பெயரில் சந்தாவே ஏறவில்லை. நிறுவனத்தைக் கேட்டால் லேபர் கான்ட்ராக்டரைக் காட்டினார்கள், அவர் நேற்றுதான் பெங்களூர் போனார் என்றார்கள். சட்டப்படி அந்தச் சாக்கு செல்லாது. கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் வேலை யாருடையதோ அந்த மூல முதலாளி கட்டிவிட்டு, பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் மேஸ்திரி, நடுவில் நிற்பவர். மாதம் 15-ம் தேதிக்குள் முந்தைய மாதச் சந்தா கட்டப்பட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, உங்கள் ஆட்களின் எண்ணை அவரவர் போனிலேயே பார்க்கச் சொல்லிக் கொடுங்கள்.

மூன்றாவது, எண். ஒரு தொழிலாளிக்கு வாழ்நாள் முழுக்க ஒரே இ.எஸ்.ஐ. எண்தான். ஒவ்வொரு கான்ட்ராக்டரும் புதிதாக ஓர் எண் போட்டால் பழைய சந்தாவெல்லாம் அநாதையாகிவிடும். உடம்பு சரியில்லாமல் விடுப்பில் இருந்தால் 70 சதவீதக் கூலி தருகிற நோய்க்கால உதவிக்கு ஒரு சந்தாக் காலத்தில் 78 நாளாவது கட்டியிருக்க வேண்டும். எண் சிதறினால் அந்த 78 எங்கேயும் சேராது. வடக்கிலிருந்து வரும் ஆட்கள் பலருக்குத் திருப்பூரிலோ சூரத்திலோ ஏற்கெனவே எண் இருக்கும், அவர்களுக்கே ஞாபகம் இருக்காது. வேலைக்கு எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

"எங்க ஆட்களுக்கெல்லாம் இன்சூரன்ஸ் போட்டிருக்கோம்" என்று உங்கள் ஒப்பந்தக்காரர் சொன்னால், எந்த இன்சூரன்ஸ் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது டபிள்யூ.சி. பாலிசி, 1923 சட்டத்தில் தொடங்கிய, வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு தரும் வகை. சாரத்திலிருந்து விழுந்தால் உதவும், சுகர் மாத்திரைக்கு உதவாது. இ-ஷ்ரம் கார்டும் அப்படித்தான், 2021-ல் வந்த அமைப்புசாராத் தொழிலாளர் பதிவு அது, மருந்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்து வையுங்கள், வேறு பலன்கள் உண்டு. மாத்திரைக்கென்று எதுவும் இல்லை என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன். நம் முதலமைச்சர் திட்டத்தில் வெளிமாநிலத்தவரையும் சேர்க்க வழி இருக்கிறது: ஆறு மாதத்துக்கு மேல் இங்கே இருப்பதற்குச் சான்றும் தொழிலாளர் துறையின் பட்டியலும் வேண்டும், அவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. ஆனால் அதுவும் படுக்கைக்குத்தான்.

இ.எஸ்.ஐ. ஏறும் வரை, அல்லது ஏறவே வழியில்லாத கொத்தனாருக்கு, என்ன செய்வது? எந்தக் கார்டும் கேட்காத கவுன்ட்டர் ஒன்று இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டில் ஓபி சீட்டுக்கும் மாத்திரைக்கும் எந்த மாநிலத்தவரிடமும் காசு வாங்குவதில்லை. ஆதார் கேட்பார்கள், போன் நம்பர் கேட்பார்கள். இல்லையென்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்பும் மருந்துகள் அவை. சும்மா கொடுப்பதால் சக்தி குறைவு என்று நினைப்பவர்கள் வடக்கத்தி ஆட்களிலும் உண்டு, நம்மவர்களிலும் உண்டு. மருந்து கொடுக்கும் கவுன்ட்டரில் காலம் முழுக்க நின்றவன் சொல்கிறேன், சுகருக்கான மெட்ஃபார்மின் எங்கே வாங்கினாலும் மெட்ஃபார்மின்தான்.

அப்படியிருந்தும் ஏன் போவதில்லை? மாத்திரை இலவசம், போகிற நாள் இலவசம் இல்லை. பெரியாஸ்பத்திரி ஓபி காலையில்தான். ஏழரைக்குப் போய் வரிசையில் நின்று சீட்டு வாங்கி, டாக்டர் பார்த்து, ரத்தம் கொடுத்து, மருந்து வாங்கி வெளியே வரும்போது அன்றைய கூலி போயிருக்கும். 700 ரூபாய் விட்டு, வெளியில் வாங்கினால் அதைவிடக் குறைவாக ஆகும் மாத்திரையை இலவசமாக வாங்குவதா என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதற்கு நல்ல மாற்று, மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 2023-லிருந்து திறந்துவரும் நகர்ப்புற நலவாழ்வு மையங்கள். காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. சாயங்காலம் வேலை விட்டு, குளித்துவிட்டுப் போனாலும் டாக்டர் இருப்பார். சுகர், பிரஷர் பதிவு செய்து நோட்டு கொடுத்துவிட்டால் பொதுவாக ஒரு மாத மாத்திரை கொடுத்தனுப்புவார்கள். முதல் தடவை மட்டும் நீங்களோ, தமிழ் தெரிந்த ஒருவரோ கூடப் போங்கள். இரண்டாவது தடவையிலிருந்து நோட்டே பேசிக்கொள்ளும்.

போகும்போது பழைய மாத்திரை அட்டையின் படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். இங்கேதான் மருந்து கொடுக்கும் இடத்தில் பெரிய குழப்பம் நடக்கிறது. ஊரில் தனியார் டாக்டர் இரண்டு சுகர் மருந்து சேர்ந்த ஒரே மாத்திரையை எழுதியிருப்பார், பெட்டியில் கம்பெனிப் பெயர்தான் பெரிதாக இருக்கும். நம் அரசு மருந்தகத்தில் அந்தக் கூட்டு மாத்திரை இருக்காது. மெட்ஃபார்மின் தனி, கிளிமிப்ரைடு தனி என்று இரண்டு மாத்திரைகளைக் கொடுப்பார்கள். அவர் "ஒன்றுதானே சாப்பிட்டேன், ஏன் இரண்டு" என்று பயந்து ஒன்றை எறிந்துவிடுவார். அல்லது பழையதையும் புதியதையும் சேர்த்து விழுங்கி, சுகர் இறங்கி, வெயிலில் மயங்கி விழுவார். இரண்டையும் பார்த்திருக்கிறேன். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைத்தான் காட்ட வேண்டும்.

வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்களே என்று கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம்தான். மாத்திரை கொண்டுவரும் சகோதரிகள் தெருத்தெருவாகக் குடும்பப் பட்டியலை வைத்துக்கொண்டு வருகிறார்கள். சைட்டில் தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருப்பவர் எந்தத் தெருப் பட்டியலிலும் இருக்க மாட்டார். பகலில் வந்தால் ஆளும் இருக்க மாட்டார். இதற்காகவே வேலையிடத்துக்கு வரும் தொழிலாளரைத் தேடி மருத்துவம் 2024-ல் வந்தது. உங்கள் சைட்டுக்கு வரச் சொல்லி வட்டார மருத்துவ அலுவலரிடம் நீங்களே எழுதிக் கேட்கலாம், மேஸ்திரி கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

நம் பகுதிக்கென்று இன்னொரு தலைவலியும் உண்டு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருக்கும் முள்ளோடை எல்லை. புதுச்சேரியின் கிருமாம்பாக்கம் பக்கம் வேலை, தமிழ்நாட்டு ரெட்டிச்சாவடியில் தங்கல் என்று இருப்பவர்கள் ஏராளம், மறுபக்கமாக இருப்பவர்களும் உண்டு. குடிக்க வருகிறவனுக்கு அந்த எல்லை ஒரு வசதி, மாத்திரை வாங்குகிறவனுக்கு அது சுவர். கடலூர் மாவட்டத்தில் பதிந்த சுகர் நோட்டைக் கொண்டு புதுச்சேரியின் பாகூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் புதிதாகத்தான் தொடங்க வேண்டும், இரண்டும் வேறு அரசாங்கம். தமிழ்நாட்டு மக்களைத் தேடி மருத்துவம் புதுச்சேரி எல்லைக்குள் வராது. இ.எஸ்.ஐ.யில் இந்தத் தொல்லை குறைவு, தங்கும் இடத்துக்குப் பக்கமான மருந்தகத்தைத் தேர்ந்துகொள்ளலாம், இடம் மாறினால் மாற்றியும் கொள்ளலாம். படுக்க வேண்டியிருந்தால் புதுச்சேரி கோரிமேட்டில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. ஜிப்மரும் அதே கோரிமேட்டில்தான், கடலூர், விழுப்புரத்து ஜனங்கள் எப்படிப் போகிறார்களோ அப்படியே வடக்கத்தி ஆட்களும் போகலாம். ஆனால் மாதாந்திர சுகர் மாத்திரைக்கு ஜிப்மர் வரிசையில் நிற்பது வேண்டாத வேலை.

எல்லை தாண்டினால் மருந்து நின்றுபோவது விதியில்லை என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. காசநோய். பீகாரில் பதிந்தவருக்கு நிக்ஷய் எண் ஒன்று கொடுக்கிறார்கள். அந்த எண்ணோடு கடலூருக்கு வந்தால் இங்கேயே மிச்ச மாத மருந்து, காசில்லாமல். சாப்பாட்டுக்கென்று மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள், 2024 நவம்பரிலிருந்து 1,000. எச்.ஐ.வி. மருந்தும், அதைக் கொடுக்கும் ஒரு ஏ.ஆர்.டி. மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். இவற்றில் எதிலும் காப்பீடு இல்லை, கார்டு மதிப்பு இல்லை. நாடு முழுக்க ஒரே பதிவு, எங்கே போனாலும் இலவச மருந்து, அவ்வளவுதான். சுகருக்கும் பிரஷருக்கும் இதையே செய்ய என்ன தடை என்று என்னைக் கேட்டால், மருந்து விலை ஒரு தடையே அல்ல என்பேன். தொற்றாத நோய் பக்கத்து வீட்டுக்காரனைப் பயமுறுத்துவதில்லை. அதனால் அவசரமும் இல்லை.

வலிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். சாரத்தில் ஏறும் பையன்களில் வலிப்பு உள்ளவன் அதைச் சொல்ல மாட்டான், சொன்னால் வேலை போய்விடும். ஊரிலிருந்து கொண்டுவந்த வால்ப்ரோயேட்டோ ஃபெனிட்டாயினோ தீர்ந்ததும் "இப்போது வரவில்லையே" என்று விட்டுவிடுவான். அந்த மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவதே வலிப்பை வரவழைக்கும். இரண்டும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை, அரசு ஆஸ்பத்திரியில் கிடைப்பவை. வேலையை விட்டு எடுக்க மாட்டேன், கீழே கம்பி வளைக்கும் வேலை கொடுக்கிறேன் என்று நீங்கள் முன்கூட்டியே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லி வைத்தால் ஒருவன் வந்து காதில் சொல்வான். எந்தக் காப்பீட்டாலும் இதைச் செய்ய முடியாது.

காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்பவருக்கு: 2022-ல் வெளியான தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 384 மருந்துகள் இருக்கின்றன. சுகருக்கு இன்று பலரும் சாப்பிடும் டெனிலிக்ளிப்டின், இன்சுலின் கிளார்ஜின் எல்லாம் அதில்தான் சேர்ந்தன. பட்டியலில் இருந்தால் இலவசம் என்று பொருளில்லை, அதற்கு மேல் விலை வைக்க முடியாத உச்சவரம்பு உண்டு, அவ்வளவே. அந்த வரம்பு கார்டு உள்ளவர், இல்லாதவர் எல்லோருக்கும் பொது. இன்னும் மலிவாக வேண்டுமென்றால் மக்கள் மருந்தகம், அல்லது 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்கள். உங்கள் ஆட்கள் உடம்பு வலிக்கு மெடிக்கலில் "நாலு மாத்திரை கட்டிக் கொடு" என்று காகிதத்தில் மடித்து வாங்குவதை மட்டும் நிறுத்தப் பாருங்கள். அந்தப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருந்தால் வலி அன்று ராத்திரியே போகும், சுகரும் பிரஷரும் ஏறும். அரசு மாத்திரை கேட்கவில்லை என்று புலம்புகிறவர்களில் சிலருக்கு நோய் அந்தப் பொட்டலத்தில்தான் இருக்கிறது.

இனி உங்கள் அண்ணன். சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு முதலாளி இரண்டு வகை வாங்க வேண்டும். ஒன்று ஆஸ்பத்திரிக் காப்பீடு. அது 15,000 சிங்கப்பூர் வெள்ளியாக இருந்தது, 2023 ஜூலை முதல் குறைந்தபட்சம் 60,000 வெள்ளி. இன்னொன்றுதான் நம் பேச்சுக்கு முக்கியம்: 2022 ஏப்ரலில் வந்த அடிப்படை மருத்துவத் திட்டம். டார்மிட்டரியில் தங்குபவர்களுக்கும், கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற வேலைகளில் இருப்பவர்களுக்கும் கட்டாயம். மையத்துக்குப் போனால் 5 வெள்ளி, போனில் டாக்டரைப் பார்த்தால் 2 வெள்ளி, மிச்சம் முதலாளி கட்டிய சந்தாவில். கோவிட் காலத்தில் டார்மிட்டரிகளில் நோய் பரவி முழித்துக்கொண்ட பிறகு வந்த ஏற்பாடு என்றாலும், சிறு மருத்துவத்தைத் தனியாகப் பிரித்து அதற்கென்று ஒரு திட்டம் வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். நாம் இன்னும் அங்கே வரவில்லை.

பரங்கிப்பேட்டை, லால்பேட்டைப் பக்கத்து ஆட்கள் வளைகுடாவுக்குப் போகிறார்கள், அவர்கள் கதை வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2025 ஜனவரி 1 முதல் எல்லா எமிரேட்டிலும் தனியார் ஊழியருக்கும் வீட்டு வேலைக்காரருக்கும் காப்பீடு கட்டாயமாகிவிட்டது. வருஷத்துக்கு 320 திர்ஹாம் அடிப்படைத் திட்டத்தில் புறநோயாளிச் சிகிச்சையும் மருந்தும் உண்டு. ஆனால் மருந்துச் செலவில் 30 சதவீதம் நோயாளி போட வேண்டும். அதைக் கொடுப்பதைவிட ஊரிலிருந்து சூட்கேஸில் கொண்டுபோவது லாபம் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே எடுத்துக்கொண்டு போகும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா, இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், விபத்துச் சாவுக்கு 10 லட்சம் தரும். மருத்துவத்தில் அதுவும் படுக்கைக்கு மட்டும்.

சூட்கேஸில் கொண்டுபோவதானால் அட்டையைப் பிரிக்காமல், டாக்டர் சீட்டும் பில்லும் சேர்த்து, கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். டிராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, ப்ரீகாபலின், தூக்க மாத்திரை எதையும் அமீரகத்து அனுமதி வாங்காமல் எடுத்துப் போகக் கூடாது. வலிக்கும் இருமலுக்கும் தூக்கத்துக்கும் நம்மூர் டாக்டர்கள் சாதாரணமாக எழுதுகிற மருந்துகள்தான் அவை. அங்கே விமான நிலையத்தில் பிடித்தால் போதைப்பொருள் வழக்கு.